இடது குழல்

துப்பாக்கிக் கடையில் பேரம் பேசுகிறவர்கள் குரலை உயர்த்துவதில்லை; அந்த ஒன்றை விட்டால் அதுவும் எல்லாக் கடைகளையும் போலத்தான். நின்று நின்று கால் வீங்கும். வாங்க வந்தவர் வாங்காமல் போவார். வாங்கிப் போனவர் திரும்பி வந்து குறை சொல்வார். ஜவுளி, பாத்திரம், மருந்து என்று எதையாவது ஒரு மேஜைக்குப் பின்னால் நின்று விற்று வயிறு வளர்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. சரக்குதான் வேறு.

கடை திருச்சி கண்டோன்மெண்டில். நான் ஸ்ரீரங்கத்தில். காலையில் திருமண் இட்டுக்கொண்டு, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, ஆற்றைத் தாண்டிப் போய்ப் பன்றி சுடும் சாமான்களை விற்றுவிட்டு வருவேன். சாயங்காலம் கொல்லைக் கிணற்றில் குளித்த பிறகுதான் உள்ளே நுழைய அனுமதி. துவைத்த வேஷ்டியை நீட்டியபடி என் மனைவி சொல்வாள்: "என்ன வித்தேள்னு சொல்ல வேண்டாம். வித்துதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கோ."

பரம்பரை

துப்பாக்கி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது விலையை அல்ல. "யார் செஞ்சது?" என்பார். அதற்காகச் சீமையிலிருந்து கேட்லாக் வரும். முன்பக்கத்தில் தாடி வைத்த கிழவர், அடுத்த பக்கத்தில் தாடி வைக்காத மகன், அதற்கடுத்து பட்டறை. அதைத் தமிழில் சொல்வது என் வேலை. குருபரம்பரை சொல்லி வளர்ந்தவனுக்கு அது கஷ்டமாக இல்லை. பெயர்கள் மாறின, மூச்சு விடும் இடங்கள் மாறவில்லை.

நான் சேர்ந்த புதிதில், ஊருக்குத் திரும்பும் துரை ஒருவர் தம் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கடையில் விற்றுவிட்டுப் போனார். பெல்வுட் அண்டு ஸன், பர்மிங்காம். போன நூற்றாண்டில் செய்தது. பக்கம் பக்கமாக இரண்டு குழல். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசை. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. இரும்பில் ஒரு பக்கம் ஒரு நாயும் மறுபக்கம் ஒரு பறவையும் செதுக்கியிருந்தார்கள். நடுவில் துப்பாக்கி இருப்பதால் அந்த நாய் அந்தப் பறவையை எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது.

உப்பிலியபுரத்திலிருந்து ரங்கசாமி ரெட்டியார் என்று ஓர் இளைஞர் வந்தார். பச்சைமலையிலிருந்து இறங்கும் பன்றிகள் கடலைக்கொல்லையை உழுதுபோட்டுவிட்டுப் போகின்றன, லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது என்றார். நான் பெல்வுட் பரம்பரையை ஆரம்பித்தேன். கொல்லர் வீட்டில் பிறந்த பெரிய பெல்வுட், அவர் போட்ட ஒற்றை உலை, மகன் தலையெடுத்ததும் பெயரோடு 'அண்டு ஸன்' சேர்ந்தது. அந்த மகனுக்குப் பிள்ளையில்லை, பட்டறை வேறு கைக்குப் போனது, பெயரை மட்டும் மாற்றவில்லை என்று கேட்லாகின் கடைசி வரியில் இருக்கும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சந்ததி நின்றுபோன இடத்தில் வாங்குகிறவர் முகம் வாடிவிடும். ரெட்டியார் உபன்யாசம் கேட்பவர் போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பணிவாகச் சொன்னார்:

"பெரியவங்க எல்லாரும் நல்லா இருக்கட்டும் சாமி. பன்னிக்கு இங்கிலீசு தெரியாது. சுடுமான்னு மட்டும் சொல்லுங்க."

முத்திரை

கடையின் பின்கட்டில் பழுது பார்க்கிறவர் பாலக்கரை காதர் ராவுத்தர். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். விற்ற துப்பாக்கியை ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் கடையை விட்டு அனுப்பமாட்டார். ரெட்டியாருடையதைக் கழற்றியபோது என்னைக் கூப்பிட்டுக் குழல்களின் அடிப்பக்கத்தைக் காட்டினார். சின்னக் கிரீடம், அதன்கீழ் குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல். ஒவ்வொரு குழலிலும் தனித்தனியாக. செய்து முடித்ததும் அளவுக்கு மீறி மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்களாம். வெடிக்காமல் தாங்கி நின்ற குழலுக்குத்தான் அந்த முத்திரை.

எனக்கு வேறு ஞாபகம் வந்தது. எங்களவர்களுக்குச் சமாசிரயணம் என்று ஒன்று உண்டு. ஆசாரியர் முத்திரைகளைக் காய்ச்சி, வலது தோளில் சக்கரமும் இடது தோளில் சங்கும் ஒற்றுவார். அன்றுமுதல் நாம் பெருமாளுக்கு அடியவர். அதைச் சொன்னேன். ராவுத்தர் குழலையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குத் தாங்குமான்னு பாத்துட்டுத்தான் குத்துறான். உங்களுக்கு மருந்து வச்சுப் பாத்தாங்களா, ஐயங்காரே?"

சந்தனம்

ஆயுதபூஜைக்கு அடுத்த வாரம் எங்களுக்கு அறுவடைக் காலம். துப்பாக்கியும் ஆயுதந்தானே. அரிவாள், மண்வெட்டி, கொழு இவற்றோடு அதையும் சுவரில் சாத்திச் சந்தனம் குங்குமம் இட்டுவிடுவார்கள். கட்டையில் இட்டால் துடைத்துவிடலாம். பக்தி மிகுந்தவர்கள் குழல் வாயில் இடுவார்கள். சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்து கல்லாகிவிடும். அது தெரியாமல் சுட்டால் குழல் வாழைப்பூ மாதிரி மடல் விரிந்துவிடும். ராவுத்தர் நீளக் கம்பியில் துணியைச் சுற்றிக் குடைந்துகொண்டே இருப்பார். அந்த வாரம் முழுக்கப் பின்கட்டில் கர்ப்பக்கிருகத்து வாசனை.

ஒரு வருஷம் ரெட்டியார் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். புளியும் சாம்பலும் போட்டு, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் குழல்களைத் தேய்த்திருந்தார். கரும்பழுப்பு நிறம் போய் வெள்ளைவெளேரென்று பளபளத்தது. ராவுத்தர் பார்த்துவிட்டுப் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். நான்தான் விளக்கவேண்டியிருந்தது: அந்த நிறம் அழுக்கு அல்ல, வேண்டுமென்றே துருவேற்றித் துடைத்து, மறுபடி துருவேற்றித் துடைத்துக் கொண்டுவந்தது, இப்படிப் பளபளத்தால் நிலவொளியில் பன்றி தூரத்திலேயே கண்டுகொள்ளும். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"காசு குடுத்து வாங்கினதுல எதுக்குங்க துரு? வருசம் பூரா ராக்காவல் காக்குது, ஒரு நாளைக்காவது மூஞ்சி கழுவிவிட வேண்டாமா?"

சம்சாரம் பக்கம்

மறுபடி நிறம் ஏற்ற வேண்டி அந்தத் துப்பாக்கி சில வாரம் கடையிலேயே இருந்தது. திரும்ப எடுத்துப்போக அவர்கள் வந்த அன்று, ராவுத்தர் ரெட்டியாரை ஜன்னலோரம் அழைத்துப் போய்க் குழல்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வலது குழல் சுட்டுச் சுட்டு அம்மைத் தழும்பாக இருந்தது. இடது குழல் நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது.

"இடது குழல்தான்யா வாய் குறுகல். ரவை சிதறாமக் கூட்டமாப் போகும். தூரத்துல நிக்கிற பன்னிக்கு அதுதான் சரி," என்றார் ராவுத்தர். "அதை ஏன் சும்மா வச்சிருக்கீங்க? பெல்வுட்டு கிழவன் அழகுக்கா ரெண்டு குழல் வச்சான்?"

ரெட்டியார் தம் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த மான் தலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரெட்டியார் குரலைத் தாழ்த்தி, "அது சம்சாரம் பக்கங்க," என்றார்.

எனக்குப் புரிந்தது. மணையில் உட்கார்ந்தாலும் போட்டோவுக்கு நின்றாலும் மனைவிக்கு இடப்பக்கம். ராவுத்தருக்கும் புரிந்தது, ஆனால் ஒப்பவில்லை. முதல் குண்டு தப்பிப் பன்றி திரும்பிப் பாய்ந்து வந்தால் அதனிடம் இந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பீரா என்று கேட்டார். ரெட்டியார் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

"ரெண்டுலயும் தோட்டா போட்டுத்தாங்க வச்சிருப்பேன். அதுல சுடுறதுதான் இல்ல. பக்கத்துல இருக்குங்கிற தைரியம் போதும்."

பார்க்க வந்தவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ரெட்டியார் இறந்துபோனார். பன்றியாலும் இல்லை, துப்பாக்கியாலும் இல்லை. காய்ச்சல். லைசென்ஸ்காரர் போய்விட்டால் லைசென்ஸும் அவரோடு போய்விடும், துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டும். கிராம முன்சீப்பின் ஆள் அதை எங்கள் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கெடுவுக்குள் வேறு யாராவது லைசென்ஸ் வாங்கி எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் சர்க்கார் எடுத்துக்கொண்டுபோய் உடைத்துவிடும். விசையில் ஒரு அட்டையைக் கட்டி அலமாரியில் நிறுத்தினேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சேவித்துவிட்டு, அந்த அம்மாள் நேரே கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அதைப் பாக்கலாமுங்களா?" என்றார். எடுத்து மேஜைமேல் பச்சைத் துணியில் வைத்தேன். முந்தானையால் தூசி இல்லாத இடத்தில் தூசி துடைத்தார். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் செதுக்கிய எழுத்துகளைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்தேன். ஸன் என்றால் மகன் என்றும் சொன்னேன்.

"அந்த மகனுக்கு அப்புறம்?"

அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் விரலை எழுத்தின்மேல் வைத்தபடி காத்திருந்தார். கேட்லாகின் கடைசி வரியை முதல்முறையாக ஒருவருக்குச் சொன்னேன். மகனுக்குப் பிள்ளையில்லை. பட்டறை வேறு கைக்குப் போனது. பெயரை மாற்றவில்லை. அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். வாடவில்லை. துணியின் ஓரத்தை எடுத்துத் துப்பாக்கியின்மேல் போர்த்தினார்.

"பேரை எடுக்கலையில்ல, போதும் சாமி. யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் மனுப் போடுறேன்."

தொட்டியத்துக்காரர்

யுத்த காலத்தில் சீமையிலிருந்து புதுச் சரக்கு வருவது நின்றுபோனது. அலமாரியில் பாதி காலி. அந்தச் சமயத்தில் தொட்டியத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டத்து மிராசுதார் வந்தார். பெரிய மீசை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் இருப்பதைவிடப் பெரிய கம்பெனித் துப்பாக்கி வேண்டும் என்பதுதான் அவர் தேவை. பெல்வுட் என்று கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளியும், மனுவெல்லாம் எங்கே ஆகப்போகிறது, கெடு தாண்டி உடைபடுவதைவிட அந்த அம்மாளிடம் கேட்டு இவருக்கே முடித்துவிடலாமே என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பரம்பரையைச் சொன்னேன். அவ்வளவு மோசமாக அதை என்றைக்கும் சொன்னதில்லை. பெரிய பெல்வுட்டை மகனுக்குப் பிறகு பிறக்கவைத்தேன். மிராசுதார் அதைக் கவனிக்கவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. பிறகு முறித்துத் திறந்து குழல்களுக்குள் பார்த்தார். "இதென்னங்க, ஒரு கண்ணுல பூ விழுந்து ஒரு கண்ணு பளிச்சுனு இருக்கு?" என்றார். பின்கட்டிலிருந்து ராவுத்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரெட்டியார் ஜன்னலோரம் சொன்னதை அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்த அம்மாள் மனுப் போட்டிருப்பதையும் சொன்னார்.

மிராசுதார் துப்பாக்கியை மெதுவாக மூடித் துணிமேல் வைத்தார். பிறகு நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்.

"நல்லாருக்கே. அடுத்தவர் சம்சாரத்தைத் தோள்ல சாத்திக்கிட்டு நான் எங்கங்க போறது? மட்டமானதா இருந்தாலும் பரவால்ல, வேற எதுனா காட்டுங்க."

பெயர்

திருச்சி கலெக்டர் கச்சேரியில் நடந்த மனு விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், துப்பாக்கி எங்கள் பொறுப்பில் இருந்ததால். அதிகாரி வயதானவர், நிதானமானவர். நிலம் யார் பெயரில் என்று கேட்டார். சுடத் தெரியுமா என்று கேட்டார். "சுட்டதில்லீங்க. குறி பாக்கத் தெரியும். அவங்க இடப்பக்கம் நின்னு, எங்க நிக்குது, எத்தனை நிக்குதுன்னு நான்தான் சொல்லுவேன். வெறுந் துப்பாக்கியைத் தோள்ல வச்சுப் பழக்கியும் விட்டிருக்காங்க," என்றார் அந்த அம்மாள்.

முன்பு லைசென்ஸ் வைத்திருந்தவர் பெயர் என்ன என்பது அடுத்த கேள்வி. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். கடைக்கு வரும்போதெல்லாம் ஸ்ரீரங்கம் என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பெரிய கோயில்" என்பார், அல்லது "உங்க ஊரு" என்பார். அந்தப் பெயரிலும் ரங்கம் இருக்கிறதே. நான் எழுந்து சொல்லப் போனேன். மனுதாரர்தான் சொல்லவேண்டும் என்று அதிகாரி கையைக் காட்டி உட்காரவைத்தார். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே வடக்கே கையைக் காட்டினார்.

"ஆத்துக்கு நடுவுல படுத்திருக்காரே, அவர் பேருங்க. பின்னால சாமின்னு சேத்துக்குங்க."

கடலைக்கொல்லை

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். ஆனால் சுடாதவருக்கு எப்படிக் கொடுப்பது? ரெவினியூ இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அவர் நிலத்திலேயே ஒருமுறை சுட்டுக் காட்டட்டும் என்று உத்தரவாயிற்று. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நானும் ராவுத்தரும் காலை பஸ்ஸில் உப்பிலியபுரம் போனோம். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. வழியெல்லாம் ராவுத்தர் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

கடலைக்கொல்லையின் கோடியில் ஒரு கம்பத்தின்மேல் மண்பானையைக் கவிழ்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் குடையின்கீழ் நின்றார். வரப்பெல்லாம் ஊர். பானை உடைந்தால் லைசென்ஸுக்கு எழுதுவேன், உடையாவிட்டால் துப்பாக்கி சர்க்காருக்குப் போகும் என்று அவர் எல்லாரும் கேட்கச் சொன்னார். ராவுத்தர் இரண்டு தோட்டாக்களை நீட்டினார். அந்த அம்மாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். துப்பாக்கியைத் திறந்து இடது குழலில் போட்டார்.

"அம்மா, அதுல ரவை பரவாது. மயிரிழை தப்பினாலும் தப்பினதுதான்," என்றார் ராவுத்தர், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "வலதுல போடுங்க. எங்கியாவது ஒரு ரவையாவது படும்." அந்த அம்மாள் தலையசைத்தார், மாற்றவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பழக்கத்தில் விரல் முதலில் முன்விசைக்குப் போனது. அங்கிருந்து நகர்ந்து பின்விசைக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தபோது கம்பத்தின் அடியைச் சுற்றிப் பானையின் கழுத்து மட்டும் வளையல் மாதிரிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். கிட்டே வந்து, "ரெண்டு குழல் இருக்கே, வலது பழுதாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் துப்பாக்கியைத் திறந்து, வெடித்த தோட்டாவின் கூட்டை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டார்.

"பழுதெல்லாம் இல்லீங்க. எங்களுக்குக் கலியாணம் ஆன புதுசுல இது வந்துச்சு. வந்த அன்னிக்கு அவங்க இதே எடத்துல ரெண்டு விசையையும் சேத்து இழுத்துட்டு, அந்தா அந்த வாய்க்கால்ல போயி மல்லாந்து விழுந்தாங்க. நான் சிரிச்சிட்டேன். அப்பவே இடது உனக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. வலதுல அவங்க சுட வேண்டியதைச் சுட்டு முடிச்சாச்சு. இது என் பங்கு."

இத்தனை வருஷம் துப்பாக்கி விற்றதில் நான் நேரில் பார்த்த ஒரே வேட்டை ஒரு மண்பானை. அன்று கொல்லைக் கிணற்றில் குளித்துவிட்டு, விற்கவில்லை என்று என் மனைவியிடம் சொன்னபோது, என் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஏதோ பெரிய வியாபாரம் ஆகிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.